புதுவையில் கணிதம் பயின்ற வெளிநாட்டு மாணவர்கள்

ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவரைப் பல்கலைக் கழகத்தார் முக்கியமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. எங்கே படித்தீர்? யாரிடம் படித்தீர்? இதுவரை எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு, என்ன விடை கண்டீர்? இம்மூன்றுக்கும் மாணவர் எழுதித் தரும் பதிலே அவருடைய கல்வி வரலாறு எனப்படுவது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பெற்றுக் காலாப்பட்டில் இயங்கும் புதுவைப் பல்கலைக் கழகத்தில், கணிதமேதை இராமானுஜன் பெயரைத் தாங்கிய கணிதப் பள்ளி ஒன்றும் உண்டு. தறி வீட்டிலிருந்தும் ஏர் வீட்டிலிருந்தும் பிள்ளைகள் இத்தகைய இடங்களுக்குப் போய்ப் படிக்கும் காலம் இது. “பயன்படு கணிதம் படிக்கிறேன்” என்று பிள்ளை சொன்னால், “அது என்ன கணிதம்?” என்று வீட்டார் கேட்பது இயற்கையே.

அங்கத்தினர்கள் அதை முன்பே அறிவார்கள் என்பது நமது எண்ணம். ஒரு ராத்தல் எடைக்கு 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை நிற்கின்றனவோ, அந்த எண்ணே நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூல் என்றால் ராத்தலுக்கு 40 சிட்டம். நீளம் 33,600 கெஜம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, இத்தனை சேலைப் பாவுக்கு இவ்வளவு நூல் வேண்டும் என்று தறியில் ஏற்றுமுன்னரே நெசவாளர் சொல்லிவிடுகிறார். கண்ணெதிரே இருக்கும் பொருளை எண்ணாக மாற்றி, அவ்வெண்ணைக் கொண்டு இனி நடக்கப் போவதை முன்கூட்டிச் சொல்வதே பயன்படு கணிதம். காற்று, வெள்ளம், நோய்ப் பரவல், பாலத்தின் பளு என்று இன்று அதன் எல்லை விரிந்திருக்கிறது. முற்காலத்தில் அதற்கு மிகப் பெரிய சோதனை கிரகணம். இன்ன நாள், இன்ன நாழிகையில் சந்திரன் மறையும் என்று சொல்லிவிட்டால், சொன்னவர் கணக்குச் சரியா தவறா என்பதை அன்றிரவே ஊரார் அனைவரும் பார்த்துவிடலாம்.

இந்தக் கணிதத்தைக் கற்கப் புதுவை நகருக்கு ஒரு மாணவர் வந்தார். வேறொரு வேலைக்காக வந்தவர், மாணவராக மாறினார் என்பதே சரி. அவர் பெயர் கியோம் லெ ஜான்ட்டி.

லெ ஜான்ட்டி 1725-இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலுள்ள குத்தான்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். பாதிரியாராகும் எண்ணத்துடன் பாரிஸில் சமய சாஸ்திரம் படித்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் டெலீல் என்னும் வான நூல் பேராசிரியரின் சொற்பொழிவைக் கேட்கப் போனார். அத்துடன் அவர் பாதை மாறியது. காசினி குடும்பத்தார் நடத்திய பாரிஸ் வானாய்வுக் கூடத்தில் பயிற்சி பெற்றார். 1749-இல் ஆந்திரமேதா நெபுலாவுக்கு அருகே சிறியதொரு ஒளித் திட்டைக் கண்டுபிடித்தார். 1753-இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் இடம் கிடைத்தது. மேலே கண்ட மூன்று கேள்விகளுக்கும் இவரிடம் குறைவற்ற பதில் இருந்தது என்க.

சுக்கிரன் சூரியனின் முகத்தைக் கடந்து செல்லும் காட்சி அபூர்வமானது. எட்டு ஆண்டு இடைவெளியில் இரு முறை நிகழ்ந்தால், பிறகு நூறு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதை உலகின் பல மூலைகளிலிருந்து ஒரே நாளில் அளந்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்று ஹாலி என்னும் ஆங்கில அறிஞர் வழி கூறியிருந்தார். 1761-இலும் 1769-இலும் அக்காட்சி வரவிருந்தது. லெ ஜான்ட்டிக்கு ஒதுக்கப்பட்ட இடம் புதுச்சேரி. 1760 மார்ச்சில் கப்பலேறினார். மொரீஷியஸ் வழியாக வந்து மலையாளக் கரையை நெருங்கியபோதுதான், புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டது என்ற செய்தி அவருக்கு எட்டியது. கப்பல் திரும்பிற்று. 1761 ஜூன் 6-ஆம் நாள் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது அவர் நடுக்கடலில் ஆடும் கப்பலின் மேல்தளத்தில் இருந்தார். ஆடுகிற தளத்தில் அளவு எடுப்பது எவ்வாறு? பார்த்தார்; அளக்க இயலவில்லை.

எட்டு ஆண்டு இந்தக் கடல்களிலேயே தங்கி அடுத்ததைப் பார்த்துவிட்டுப் போவது என்று முடிவு செய்தார். மடகாஸ்கர் கரையைப் படமெடுத்தார், மணிலாவுக்குச் சென்றார். அதற்குள் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்திருந்தமையால், விஞ்ஞானக் கழகத்தின் கட்டளைப்படி 1768 மார்ச் இறுதியில் இங்கே வந்து சேர்ந்தார். போரில் இடிந்துபோன கோட்டையின் சிதைவுகள்மீது, கவர்னர் லா தெ லோரிஸ்தானின் உதவியால், அவருக்கு ஒரு வானாய்வு நிலையம் எழுந்தது. 1769 மே மாதம் முழுதும் காலை வானம் துல்லியமாக இருந்தது. ஜூன் 3-ஆம் நாள் இரவு, தென்கிழக்கிலிருந்து கடலோசை கேட்டது. அத்திசைக் காற்று வானத்தைத் துப்புரவாக்கும் என்பது கரையோரத்தார் நம்பிக்கை. அவரும் நம்பியிருந்தார். விடியற்காலையில் காற்றுத் திசை மாறி, மேகம் மூடிற்று. சுக்கிரன் கடந்து முடிந்த பிறகே சூரியன் வெளிவந்தது. மணிலாவிலோ அன்று வானம் தெளிவாயிருந்ததாம்! பல நாட்கள் எழுதுகோலைக் கையில் எடுக்கவும் மனம் வராமல் இருந்ததாக அவரே பின்னர் எழுதினார்.

பலரும் அவர் கதையை இவ்விடத்தில் நிறுத்தி, ஐயோ பாவம் என்று சொல்லிவிடுவார்கள். நமக்கு முக்கியமானது, காத்திருந்த அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் செய்த மற்றொரு வேலை.

புதுவையில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர்கள் கிரகணத்தை முன்கூட்டிச் சொல்வதை அவர் கேள்விப்பட்டார். தம் கழகத்தின் அட்டவணைகளையும் கருவிகளையும் கூடவே வைத்திருந்த அறிஞர், துபாஷியின் துணையுடன் ஒரு தமிழரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். அங்கே காகிதம் இல்லை, மைக்கூடும் இல்லை. சோழிகளைத் தரையில் வரிசையாக வைத்தும் நகர்த்தியும் ஆசிரியர் கணக்குப் போட்டார். கிரகணம் ஒன்றை முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிட்டதை லெ ஜான்ட்டி வியப்புடன் குறித்திருக்கிறார். வாக்கியம், சித்தாந்தம் என்ற இரு முறைகள் இந்நாட்டில் உண்டு என்பதையும் அவர் தெரிந்துகொண்டார்.

பின்பு சோதனை. 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்து முடிந்த சந்திர கிரகணத்தைத் தமிழ் முறைப்படி கணித்து, நேரில் பார்த்த அளவோடு ஒப்பிட்டார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்தது. அன்று ஐரோப்பாவில் மிகச் சிறந்ததென மதிக்கப்பட்ட டோபியாஸ் மாயரின் அட்டவணையோ 68 விநாடி கூடிற்று. இந்த ஒரு கிரகணத்தைக் கொண்டு எம்முறை உயர்ந்தது என்று தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது. எனினும் தமக்குப் பாதகமான எண்ணை மறைக்காமல் எழுதிய அவருடைய நேர்மை, எந்த ஆராய்ச்சி மாணவருக்கும் முதல் இலக்கணம்.

1771 அக்டோபரில் அவர் பிரான்சு சேர்ந்தபோது, இறந்துவிட்டார் என்று கருதி அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். பிறகு அது திரும்பக் கிடைத்தது. அவர் கொண்டுபோன தமிழ்நாட்டு அட்டவணைகளை வைத்து பெய்லி என்பவர் 1787-இல் இந்திய வான நூலைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார். கலியுகத் தொடக்கத்திலேயே, அதாவது கி.மு. 3102-இலேயே, இந்தியர் நேரில் வானத்தை அளந்தனர் என்று அதில் வாதித்தார். அது மிகைக் கூற்று. பின்வந்தோர் ஏற்கவில்லை, நாமும் ஏற்க வேண்டுவதில்லை. நம் முன்னோரைப் புகழ இல்லாத பழமையைக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை. இருந்த கணக்கே போதும்.

அந்தக் கணக்கின் உட்புறத்தை நமக்குக் காட்டியவர் அடுத்த மாணவரான ஜான் வாரன். பிரெஞ்சுக் குடும்பத்தில் இத்தாலி நாட்டில் பிறந்து, ஆங்கிலப் படையில் சேர்ந்தவர். லாம்டனின் நில அளவையில் வேலை செய்தார். கோலார்ப் பக்கத்தில் தங்கம் உண்டு என்று அறிக்கை தந்தவரும் இவரே. 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வு நிலையத்தின் பொறுப்பை வகித்தார். பிற்காலத்தில் புதுவையில் வாழ்ந்து, 1830-இல் இங்கேயே காலமானார். 1825-இல் சென்னையில் அச்சான ‘கால சங்கலிதம்’ என்னும் அவருடைய நூலில், புதுவைப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் அவருக்கு எதிரே உட்கார்ந்து சோழிகளால் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டிய விவரம் இருக்கிறது. அட்டவணைகள் முழுவதும் பஞ்சாங்கக்காரர் நினைவில், சொற்களாக இருந்தன.

எண் எவ்வாறு சொல்லாகும்? வடமொழி எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்து, வலமிருந்து இடமாகப் படிப்பது ஒரு முறை. கடபயாதி என்று அதற்குப் பெயர். வாரன் நூலில் ‘தேவரம்’ என்று ஒரு சொல் வருகிறது. (தேவாரப் பதிகங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) தே என்பதற்கு 8, வ என்பதற்கு 4, ர என்பதற்கு 2, திருப்பிப் படித்தால் 248. ‘கலாநிலம்’ என்பது 1, 3, 0, 3, திருப்பினால் 3031. இவ்வாறே 12,372-க்கும், 16,00,984-க்கும் சொற்கள் உண்டு. கடைசியாகச் சொன்ன எண்ணுக்கு ‘வேதம்’ என்று பெயர்.

இந்த எண்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் கணிதத்தின் உயிர் இருக்கிறது. சந்திரன் எல்லா நாளும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பூமிக்கு அண்மையில் வந்தால் விரைவு, விலகினால் மெதுவு. அவ்விரைவும் மெதுவும் ஏறக்குறைய 27.55455 நாளுக்கொரு முறை திரும்பி வரும். பின்னமாக இருப்பதால் அது கைக்கு அடங்காது. ஆனால் ஒன்பது சுற்றைச் சேர்த்தால் 248 நாள் ஆகிவிடுகிறது. பிழை சுமார் 13 நிமிஷந்தான். 110 சுற்றைச் சேர்த்தால் 3031 நாள். இங்கே பிழை ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. எனவே 248 நாளுக்குச் சந்திரன் இருக்கும் இடத்தை 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்துவிட்டால், பிறகு எந்த நூற்றாண்டின் எந்த நாளுக்கும் அவற்றையே திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். ஒரு சுற்று முடிந்து மறு சுற்றுத் தொடங்கும்போது சந்திரன் சற்று முன்னே போயிருக்கும். 248 நாளுக்கு அது 27 பாகை 44 கலை. கழித்த சுற்றுகளுக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பாவில் ஒரு கோலம் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டறிந்து, ஒரு கோலத்துக்கு மட்டும் கணக்கு வைத்திருக்கும் தறிக்காரரின் யுக்தியும் இதுதானே!

வாரன் காலத்துக் கிரகணத்தையே நாம் போட்டுப் பார்ப்போம். அது 1825 மே 31-ஆம் நாள் இரவு நிகழ்ந்தது. கலி பிறந்து அன்று வரை கழிந்த நாட்கள் 17,99,312. அதில் வேதமாகிய 16,00,984-ஐக் கழித்தால் 1,98,328. அதில் 12,372 பதினாறு முறை போகும், மீதி 376. மீதியில் 3031 போகாது. 248 ஒரு முறை போகும், மீதி 128. ஆகவே அன்றைக்கு உரியது 128-ஆம் வாக்கியம். பதினெட்டு லட்சம் நாள் சில சோழிகளுக்குள் அடங்கிவிட்டது! இதன்பின் சூரியன் இருக்கும் இடம், ராகு இருக்கும் இடம், நிழலின் அளவு ஆகியவற்றைக் கண்டு கிரகண நேரத்தை வரையறுப்பார்கள்.

விடை எப்படி வந்தது? தொடக்கத்தில் 4 நிமிஷ வித்தியாசம். நடுவில் 23 நிமிஷம். முடிவில் 52 நிமிஷம். பஞ்சாங்கக்காரருக்கு அபார நினைவாற்றல் உண்டு, ஆனால் தாம் செய்வதன் தத்துவம் தெரியாது என்று வாரன் எழுதினார். இச்சொல் சற்றுக் கடுமையானதே. ஏடு ஒன்றும் பாராமல் இவ்வளவு நீண்ட கணக்கை ஒழுங்கு தவறாமல் முடிப்பவரை ‘தெரியாதவர்’ என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. தறியில் கை பழகியவரிடம், இழை ஏன் இவ்வாறு வளைகிறது என்று கேட்டால் அவரும் சொல்லாமல் இருக்கலாம், துணி பழுதாவதில்லை. ஆயினும் 52 நிமிஷம் என்பது 52 நிமிஷமே. வேதம் என்னும் நாள் நமது கணக்குப்படி 1282-ஆம் ஆண்டில் விழுகிறது. வாக்கிய முறையின் முக்கிய நூலாகிய ‘வாக்கியகரணம்’ காஞ்சி வட்டாரத்தில் 1300-ஐ ஒட்டி எழுந்தது என்பர் அறிஞர். அன்று அமைத்த எண்களை ஐந்நூறு ஆண்டுக்கு மேல் திருத்தாமல் ஓட்டியதன் பலன் அந்த 52 நிமிஷத்தில் தெரிகிறது.

திருத்தும் வழக்கம் நம்மவருக்கு இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். இதே வாக்கிய மரபைச் சேர்ந்த கேரளத்து மாதவர், பதினான்காம் நூற்றாண்டில் சந்திர வாக்கியங்களை விகலை வரையில் நுட்பமாகத் திருத்தி அமைத்தார். அவர் வழிவந்த பரமேசுவரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களை நேரில் பார்த்துக் குறித்து, கணக்குக்கும் வானத்துக்கும் வேறுபாடு கண்டு, 1431-இல் ‘த்ருக்கணிதம்’ என்ற புதிய நூலைச் செய்தார். வாக்கியம் மனப்பாடமாக இருந்தது. வானத்தைப் பார்க்கும் கண்ணும் இருந்தது. ஆராய்ச்சி என்று நாம் சொல்வது இதைத்தான்.

புதுவைப் பஞ்சாங்கக்காரரின் கணக்கு வாரன் நூலில் நூறு ஆண்டுக்கு மேல் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தவர் ஆட்டோ நாய்கெபவர். கிராட்ஸ் நகரில் மின்பொறி இயலும் பௌதிகமும் படிக்கத் தொடங்கி, கெட்டிங்கன் பல்கலைக் கழகத்தில் கணித மாணவராகி, 1926-இல் எகிப்தியரின் பின்னக் கணக்கைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர். பாபிலோன் நாட்டுக் களிமண் பலகைகளைப் படித்துப் பழகிய அவர், 248, 3031 என்ற எண்களை வாரன் நூலில் கண்டதும் திடுக்கிட்டிருப்பார். அதே எண்கள் பாபிலோனியப் பலகைகளிலும் கிரேக்க மொழிப் பாபிரஸ் ஏடுகளிலும் இருந்தன! ‘தமிழ் வான நூல்’ என்ற தலைப்பிலேயே 1952-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிரகணத்தில் எத்தனை நிமிஷம் தவறிற்று என்பது அவருக்கு முக்கியமாகப் படவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக் கணக்கு மரபு ஒன்று புதுவையில் ஒரு மனிதரின் நினைவில் 1825 வரை உயிரோடு இருந்ததே அவருக்கு அதிசயம். பத்து ஆண்டு கழித்து, 1962-இல், குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் ‘வாக்கியகரண’த்தைப் பதிப்பித்துச் சென்னையில் வெளிவரச் செய்தனர். முறையின் விதிகளை இப்போது அச்சில் யாரும் காணலாம்.

இவை பழங்கதை என்று தள்ளவும் முடியாது. புதுவை ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலின் திருநள்ளாற்றில் சனிப் பெயர்ச்சி விழா 2023 டிசம்பர் 20-ஆம் நாள் வாக்கியப் பஞ்சாங்கப்படி நடைபெற்றது. திருக்கணிதப் பஞ்சாங்கமோ அதே பெயர்ச்சியை அவ்வாண்டு ஜனவரி 17-ஆம் நாளுக்கே குறித்திருந்தது. ஒரே கிரகம், ஒரே வானம். இடையே பதினோரு மாதம். விழா நாளை நிச்சயிப்பது கோயில் மரபு; அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் ஒன்று பழைய எண்களையும் மற்றொன்று இன்றைய வானியல் எண்களையும் கொண்டு கணிக்கப்படுகின்றன என்பதை அங்கத்தினர்கள் தெரிந்துகொண்டால், எந்தப் பஞ்சாங்கம் பொய் என்ற வீண் சண்டை வீட்டில் எழாது.

கணிதம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இன்னொரு கணக்கையும் கொடுத்துப் பாருங்கள். 2028 டிசம்பர் 31-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, முழுச் சந்திர கிரகணம் ஒன்று புதுவையில் தெரியும்; நடு நேரம் இரவு பத்தரை மணிக்குச் சற்று முன்பு. கலி பிறந்து அன்றைக்குக் கழியும் நாள் 18,73,671. வேதத்தைக் கழித்தால் 2,72,687. அதில் 12,372 இருபத்திரண்டு முறை போக, மீதி 503. 248 இரண்டு முறை போக, மீதி 7. ஏழாம் வாக்கியத்திலிருந்து பிள்ளை தொடரட்டும். கடிகாரத்தோடு நாம் திண்ணையில் காத்திருப்போம்.